சாமி அலமாரியில் செத்துக் கிடக்கும் வைஃபை பெட்டி

குண்டு, கொஞ்சம் தள்ளி உட்காரு. மனு எழுத வேண்டும்.

(ஐயா, மேலே உள்ள வரி தங்களுக்கானது அல்ல. இந்தக் கடையில் பேனாவைத் திறந்தாலே என் கணவரைத் தள்ளி உட்காரச் சொல்லித்தான் பழக்கம். மேசையில் முக்கால் பங்கை அவர் வயிறு எடுத்துக்கொள்ளும். கை தானாக எழுதிவிட்டது. நல்ல தாள் இது ஒன்றுதான் இருக்கிறது. ஆகையால் கிழிக்கவில்லை.)

அனுப்புநர்:
லம்யாய் கேவ்மணி,
காலஞ்சென்ற தவோன் கேவ்மணியின் மனைவி,
மலர்வளையக் கடை, நிலத்தடித் தளம்,
நகராட்சிச் சந்தைக் கட்டிடம், தா க்ராத்தின்.

பெறுநர்:
உயர்திரு நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், தா க்ராத்தின்.

பொருள்: நிலத்தடிச் சந்தையின் சாமி அலமாரியில் பழுதாகிக் கிடக்கும் வைஃபை பெட்டியை அப்புறப்படுத்தி, புதிய பெட்டி வைத்து, கடைக்காரர்களின் போன்கள் மறுபடி அடிக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். மரியாதைச் சொற்கள் எல்லாம் மலர்வளைய நாடாக்களில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டவை. இந்த மனுவில் எங்காவது இரங்கல் வாடை அடித்தால் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரியும்.

1. எங்கள் தொழில் போனில் நடப்பது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் கடைக்கு வந்து பூவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அழைப்பார்கள். செய்தி தட்டி அனுப்பும் மனநிலையிலும் இருக்க மாட்டார்கள். அழுதுகொண்டே இறந்தவர் பெயரைச் சொல்வார்கள், எந்த விகாரை என்று சொல்வார்கள், நாடாவில் யார் சார்பில் என்று சொல்வார்கள். மணி போகவில்லை என்றால் அடுத்த கடைக்கு அழைத்துவிடுவார்கள். பிணம் காத்திருக்கும், உறவுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

2. நாங்கள் இருப்பது நிலத்தடித் தளம். பூவுக்குக் குளுமை நல்லது என்று என் கணவர் இந்த இடத்தைப் பிடித்தார். பூவுக்கு நல்லதாக இருந்த கான்கிரீட் போனுக்கு நல்லதாக இல்லை. கீழே இறங்கினால் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் ஒரு பெருக்கல் குறி மட்டும் நிற்கும். ஆகவே எல்லாக் கடைக்காரர்களும் சரக்கு வண்டி இறங்கும் சரிவில் ஏறி நின்றுதான் பேசுவோம். அழைப்பு வந்ததா என்று பார்ப்பதற்கே மேலே போக வேண்டும். குளத்து மீன் மூச்சு விட மேலே வருவது போல நாங்கள் போய் வந்துகொண்டிருந்தோம்.

3. போன் கம்பெனிக் கவுண்டரில் இருந்த பெண் ஒருத்திதான் என் கணவருக்கு வைஃபை அழைப்பு பற்றிச் சொன்னாள். கடைக்கு வைஃபை இருந்து, போனில் அந்த ஒரு பொத்தானைத் தட்டி வைத்துவிட்டால், டவர் சிக்னல் இல்லாத இடத்திலும் நம் வழக்கமான எண்ணுக்கே அழைப்பு வரும். புது எண் வேண்டாம். அழைப்பவருக்கு வைஃபை இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பட்டிக்காட்டில் பழைய பொத்தான் போன் வைத்திருக்கும் கிழவர் அழைத்தாலும் இங்கே மணி அடிக்கும். என் கணவர் வீட்டுக்கு வந்து, "லம்யாய், இனிமே நான் சரிவு ஏற வேண்டாம்டி, உக்காந்த எடத்துலயே பேசலாம்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்தது, கோழிச் சோற்றுக் கடைக்காரன் தவறுதலாக இரண்டு தட்டு வைத்துவிட்டுப் போன அன்றுதான்.

4. பெட்டியை எங்கள் கடைக்குள் வைத்தால் மற்றக் கடைகளுக்கு எட்டாது. தளத்தின் நடுத் தூணில் வைத்தால் எல்லாருக்கும் எட்டும், கம்பியும் அதன் வழியாகத்தான் கீழே வருகிறது. அனுமதி கேட்டு என் கணவர் சந்தை மேற்பார்வையாளர் திரு. சகோன் அவர்களைப் பார்த்தார். திரு. சகோன் சொன்னது: "தூணுல ஆணி அடிக்கக் கூடாது, விதி. பிளக் வைக்கக் கூடாது, அதுவும் விதி. அந்தத் தூணுல சாமி அலமாரிக்கு மட்டுந்தான் அனுமதி இருக்கு. சாமி விளக்குக்கு ஒரு பிளக்கும் இருக்கு. சாமிகிட்ட எடம் கேட்டு வச்சுக்க, எனக்குத் தெரியாது." அப்படியே கேட்டோம். ஊதுபத்தி ஏற்றி, இந்த இடத்தைக் காக்கும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவருக்கு வலப்பக்கம் பெட்டியை வைத்தோம். சாமி மறுப்புத் தெரிவிக்கவில்லை. எழுத்தில் கேட்கவும் இல்லை.

5. முதல் அழைப்பு வந்தது எங்களுக்கு அல்ல. துணி திருத்தித் தைக்கும் சலியாவ் அக்காவுக்கு. கொரியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் மகன் அழைத்தான். நிலத்தடியில் அதுவரை போன் அடித்ததே இல்லை. அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து, மணி எங்கிருந்து வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பச்சை விளக்கு மினுங்கும் பெட்டியைப் பார்த்து அங்கேயே மண்டியிட்டுவிட்டார்.

"ஏய் லம்யாய், பாதாளத்துல போன் அடிக்குதுடி! சாமி லைன் குடுத்துட்டாரு!"

"சாமி இல்லக்கா, பில்லு கட்டுறது நானு" என்றார் என் கணவர்.

"வாயக் கழுவு. நீ கட்டுனா மட்டும் வந்துருமா? மேல ஆபீஸ்ல கூடத்தான் கட்டுறாங்க, என்னைக்காவது எடுத்துப் பேசியிருக்காங்களா?"

தங்கள் அலுவலகத்தைப் பற்றிய கருத்து சலியாவ் அக்காவுடையது. உண்மையின் பொருட்டு அப்படியே எழுதியுள்ளேன்.

6. அன்று மாலை பெட்டியின் முன்னால் படையலாகச் சிவப்பு சோடா ஒன்று, உறிஞ்சுகுழல் போட்டு வைக்கப்பட்டது. அடுத்த லாட்டரிக் குலுக்கலில் பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் தடுத்திருக்க முடியாது. மேல் தளத்து நகைக் கடைக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். லாட்டரி எண் தேடிச் சாமி மரத்தில் தேய்ப்பது போலப் பெட்டியில் பவுடர் தேய்த்து, எண் தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். தங்கத்தாள் வாங்கி வந்து ஒட்டினார்கள். சிலை என்றால் மூக்கு, நெற்றி என்று இடம் இருக்கும். பெட்டிக்கு அது இல்லாததால் கிடைத்த இடத்தில் எல்லாம் ஒட்டினார்கள். காற்றுப் போகும் ஓட்டைகள் முதலில் அடைபட்டன.

புத்தாண்டு நீர்விழாவின் போது தாங்களும் கீழே எழுந்தருளி, கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவே, இடப்பக்க ஆண்டெனாவின் நுனியில் தங்கத்தாள் ஒட்டினீர்கள். அந்தப் புகைப்படம் தங்கள் அலுவலக வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. மரியாதை கருதி அந்த இடத்தின் மேல் வேறு யாரும் ஒட்டவில்லை. தேர்தலில் தாங்கள் வென்ற பிறகு வேண்டுதல் தீர்க்க அவித்த முட்டைகள் ஒரு கூடை நிறைய அனுப்பி வைத்தீர்கள். சாமி சாப்பிட்டது போக மீதியைத் தளத்தார் எல்லாரும் சாப்பிட்டோம். அதற்கு இதுவரை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

7. பெட்டி சூடேறியது. பேச்சு விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கியது. "சாமிக்கு மூச்சு முட்டுதுடி" என்று என் கணவர் ஈரத்துணியோடு தங்கத்தைத் துடைக்கப் போனார். கூட்டம் அவரை அடிக்க வந்தது. அவர் உடம்பைப் பார்த்து, அடிப்பதற்கு ஆள் போதாது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் பவுடர் தேய்த்த யாருடைய கையோ தட்டி, ஒரு முழுப் பாட்டில் சிவப்பு சோடா பெட்டிக்குள் போயிற்று. பச்சை விளக்கு ஒரு தடவை சிவப்பாகி அணைந்தது. அதையும் ஒரு குறி என்று எண்ணிச் சிலர் சீட்டு வாங்கினார்கள்.

புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு என் கணவர் திரு. சகோன் அவர்களிடம் போனார். அவர் சொன்னார்: "பழசை எடுக்க முடியாது. அது இப்ப பொருள் இல்ல, புனிதப் பொருள். தலைவரே தங்கம் ஒட்டியிருக்காரு. நான் கை வச்சா என் வேலை போயிடும்."

"சரி, பக்கத்துல இன்னொண்ணு வச்சுக்கிறேன்."

"ஒரே அலமாரியில ரெண்டு இருந்தா ஒண்ணுக்கொண்ணு கோவிச்சுக்கும்."

என் கணவர் விகாரைக்குப் போய்த் தலைமை பிக்குவிடம் முறையிட்டார். பிக்கு சிரித்துவிட்டு, "பெட்டி செத்துப்போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டு, தம்பி. நம்ம விகாரையிலயே ரெண்டு மாத்தியாச்சு. எனக்கு வர்ற அழைப்பெல்லாம் அதுலதான் வருது" என்றார். இதைத் திரு. சகோனிடம் வந்து சொன்னபோது, வாய்ச்சொல் செல்லாது, முத்திரையோடு எழுத்தில் வேண்டும் என்றார். மறுபடி விகாரைக்குப் போனார். பிக்கு மறுத்துவிட்டார். "முத்திரை குத்திக் குடுத்தா நாளைக்கு அந்த முத்திரைக்கும் தங்கம் ஒட்டுவீங்க" என்றாராம். இரண்டு பேர் சொன்னதிலும் குற்றம் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் என் கணவர் மறுபடி சரிவில் ஏறிப் பேசத் தொடங்கினார் என்பதை மட்டும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

8. மலர்வளையத் தொழிலில் பெயர் தவறாகக் கேட்டால் மன்னிப்பே கிடையாது. உயிரோடு இருக்கும் தம்பியின் பெயரை நாடாவில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று தாங்களே யோசித்துப் பார்க்கலாம். அதனால் என் கணவர் சரிவில் நின்று பேசும்போது ஒரு காதில் போனை அழுத்திக்கொண்டு, மறு காதை விரலால் அடைத்துக்கொள்வார். கண்ணையும் மூடிக்கொள்வார். அப்போதுதான் பெயர் சரியாகக் கேட்கும். முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டி பின்னால் வந்தபோதும் அப்படித்தான் நின்றிருக்கிறார். ஓட்டுநர் ஹாரன் அடித்திருக்கிறார், கத்தியிருக்கிறார். அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் சடங்குக்கு அவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, யார் சாப்பிடக் கூப்பிட்டும் சாப்பிடாமல் போனார்.

9. அதற்குப் பிறகு நகராட்சி எடுத்த நடவடிக்கைகள் பின்வருமாறு. சரிவில் "இங்கு நின்று தொலைபேசியில் பேசுவது தடைசெய்யப்பட்டுள்ளது" என்று ஒரு பலகை வைக்கப்பட்டது. பலகை நல்ல உறுதியான பலகை. அதை நடுவதற்குக் கான்கிரீட்டில் துளை போட்டார்கள். தூணில் ஒரு ஆணி அடிக்க இல்லாத அனுமதி அதற்கு இருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

தங்கள் அலுவலகத்தின் சார்பில் ஈமச் சடங்குக்கு ஒரு பெரிய மலர்வளையம் வந்தது. வெள்ளை ஆர்க்கிட், நடுவில் ஊதா. ஆற்றோரக் கடையில் கட்டியது. முடிச்சைப் பார்த்தாலே தெரியும். கொண்டுவந்த அலுவலரிடம் ஏன் எங்கள் கடையில் வாங்கவில்லை என்று கேட்டேன். துக்கத்தில் கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்டுவிட்டேன். "அழைச்சுப் பாத்தோம்மா, ஐயா போன் மணியே போகல" என்றார். அதாவது என் கணவருக்கு மலர்வளையம் வாங்க என் கணவரையே அழைத்திருக்கிறார்கள். அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பார்.

பெட்டியைத் துடைத்ததால்தான் சாமி அவரை எடுத்துக்கொண்டது என்று தளத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் வயதின் எண்ணுக்குச் சீட்டு வாங்கினார்கள். சலியாவ் அக்காவும் வாங்கினார், என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். விழவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் யாருக்கும் உருப்படியாக ஒரு எண்ணும் சொன்னதில்லை.

10. இப்போது நிலைமை இதுதான். அவருடைய எண்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் போன் நொறுங்கிவிட்டது, சிம் மட்டும் பிழைத்தது. அதை என் போனில் போட்டிருக்கிறேன். வைஃபை அழைப்புப் பொத்தானையும் தட்டி வைத்திருக்கிறேன். வைஃபைதான் இல்லை. பூவை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஏறிப் போய்ப் பார்த்தால், எனக்கு வந்திருக்க வேண்டிய சாவெல்லாம் ஆற்றோரக் கடைக்குப் போயிருக்கிறது. சரிவில் நிற்பதில்லை. பலகைக்குப் பயந்து அல்ல.

ஆகவே தங்களைத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது:

அ) செத்துப்போன பெட்டியைத் தாங்கள் விரும்பும் மரியாதையோடு, நடனம் வைத்தாலும் சரி, மேளம் வைத்தாலும் சரி, அலமாரியிலிருந்து இறக்கித் தர வேண்டும். விகாரையிலிருந்து எழுத்து கேட்கக் கூடாது. தாங்கள் ஒட்டிய தங்கத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்.

ஆ) அவர் வாங்கி வைத்த புதுப் பெட்டி இன்னும் உறை பிரிக்காமல் கடையில் இருக்கிறது. அதை நடுத் தூணில் கை எட்டாத உயரத்தில் மாட்ட ஓர் ஆணிக்கும் ஒரு பிளக்குக்கும் அனுமதி வேண்டும். செலவு என்னுடையது. தளத்தில் உள்ள எல்லாக் கடைக்காரர்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

இ) அதன் அடியில் அச்சிட்ட எண்கள் தெரியாதபடி நகராட்சியே ஒரு தாள் ஒட்டி மூட வேண்டும். தாளில் எந்த எண்ணும் இருக்கக் கூடாது. கோப்பு எண் கூட வேண்டாம்.

இதில் என்ன அவசரம் என்று தாங்கள் கேட்கலாம். இழப்பீடு கேட்டு நான் எழுதவில்லை. அவசரம் வேறு.

அவர் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தது ஒரு சாவு வீட்டோடு. "சரிங்க, கட்டி அனுப்பிடுறேன், கவலைப்படாதீங்க" என்று அவர் சொன்னதை, வண்டியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்க நின்றிருந்தவர் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்கவில்லை. அது என் கணவர் காதில் மட்டும் விழுந்தது. அந்த வீட்டார் நாங்கள் அனுப்புவோம் என்று நம்பி, வேறு கடையைக் கேட்காமல் இருந்திருப்பார்கள். சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் எங்கள் வளையத்துக்கென்று இடம் விட்டு வைத்திருப்பார்கள். அது கடைசி வரை காலியாக இருந்திருக்கும். எங்கள் கடையிலிருந்து கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

யார் அழைத்தது என்று கேட்டு போன் கம்பெனிக்குப் போனேன். அந்த விவரத்தைத் தர வேண்டுமானால் எண்ணின் உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்றார்கள். நானும் அவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் திட்டுவதற்காவது ஒரு நாள் அழைப்பார்கள், ஐயா. ஒருவேளை ஏற்கெனவே பல முறை அழைத்திருப்பார்கள். நான் கீழே பூ கட்டிக்கொண்டு இருந்திருப்பேன், போன் பெருக்கல் குறியோடு மேசையில் கிடந்திருக்கும். அந்த அழைப்பு வரும்போது மணி அடிக்க வேண்டும். நான் எடுக்க வேண்டும். வாங்க வேண்டிய திட்டை முழுசாக வாங்கிக்கொண்டு, நூறாம் நாள் சடங்குக்காவது வளையம் அனுப்ப வேண்டும். இருப்பதிலேயே நல்ல ஆர்க்கிட்டில் கட்டுவேன். இதற்கு ஓர் ஆணியும் ஒரு பிளக்கும் தாங்கள் தந்தால் போதும்.

தங்கள் கையெழுத்து ஒன்றில் தீரக்கூடிய காரியம் என்பதால், விரைந்து உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தா க்ராத்தின்
நாள்: பௌத்த ஆண்டு 2567, ஆகஸ்ட் 19

தங்கள் பதிலை எதிர்பார்த்து, தெருவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
லம்யாய் கேவ்மணி
(கையொப்பம்)

குண்டு, யாரு செத்துட்டாங்கன்னு சொன்னாங்க?